பிள்ளைக்கு வந்தது மீனுக்கு

முதல் மீன் செத்தபோது கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். இரண்டாவது செத்தபோது தண்ணீரை. அதன் பிறகு கரண்ட்டை, கண்ணாடியை, தொட்டிக்கு அடியில் போட்டிருந்த கலர் கல்லை, கடைசியில் என் மனைவியின் கையை. மகளை மட்டும் சந்தேகப்படவில்லை. அவளுக்கு என் மேல் சந்தேகம் வந்ததை அதனால்தானோ என்னவோ கவனிக்கத் தவறிவிட்டேன்.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே காலையிலும் மாலையிலும் ரத்தம் எடுப்பார்கள். சீட்டு வரும்வரை நான் வராந்தாவில் நிற்பேன். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருந்தது. "நாளைக்கும் இறங்குச்சுன்னா மதுரைக்குக் கொண்டுபோயிருங்க" என்று டாக்டர் சொன்ன அன்று, திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் அந்தச் சாலை, நான் எத்தனையோ முறை போய்வந்த சாலை, எனக்குப் பயங்கரமான ஒன்றாக மாறியது. எங்களுக்கு அந்தச் சாலையில் போக நேரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த சின்னப் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே மாலையில் எங்கள் பிள்ளைக்கு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. அந்தப் பெண் பிழைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மகளிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேச்சு குறைந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் என்றால் நாளைக்கு என்பாள். மறுநாளும் நாளைக்குத்தான். தன் நெற்றியில் தானே கைவைத்துப் பார்ப்பாள். "அப்பா, எனக்குச் சரியாயிருச்சா?" என்று கேட்பாள். சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நானும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். என் வாய் சொன்னதை என் கை நம்பவில்லை என்பது அவளுக்குப் புரியாமலா இருக்கும்?

அப்படி இருந்தவள் ஒரு நாள் மீன் தொட்டி வேண்டும் என்று கேட்டாள்.

நான் திடுக்கிட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் தேங்க விடுவதில்லை. மொட்டை மாடியில் கிடந்த தேங்காய்ச் சிரட்டை, பழைய பெயிண்ட் வாளி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, எல்லாவற்றையும் கவிழ்த்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப்பக்கம் போட்டிருந்த டயரைக்கூட எட்டிப் பார்த்துச் சண்டை போட்டிருந்தேன். அந்த வீட்டின் கூடத்தில், நானே காசு கொடுத்து, ஒரு தொட்டித் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும் என்கிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மீன் கடை வைத்திருப்பவரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன்.

"மீன் இருக்கிற தண்ணியில கொசு எங்கிட்டு சார் முட்டை போடும்? போட்டாத்தான் விட்டுவைக்குமா? லபக்குன்னு முழுங்கிரும்" என்றார்.

"என்ன மீன் எடுக்கலாம்?"

"மொதத் தடவையா? அப்ப எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு எடுத்துக்கங்க. எது நிக்குதோ அது உங்க வீட்டுக்கு ராசி."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. கப்பியில் இரண்டு, டெட்ராவில் இரண்டு, ஏஞ்சலில் இரண்டு, தங்க மீனில் இரண்டு, கருப்பு மோலியில் இரண்டு. இரண்டடி நீளத் தொட்டி. அன்றைக்கே தண்ணீரை நிரப்பி அன்றைக்கே விட்டோம். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்று ஒரு தட்டுச் சோறு முழுவதும் உள்ளே போனது. இந்த மீன்கள் பிழைத்துக் கிடந்தால், தானும் பிழைத்துவிட்டோம் என்பதை இந்தப் பிள்ளை நம்பிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் அந்தத் தொட்டியிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு டெட்ரா செத்தது.

செத்த மீனைச் சின்ன டிபன் பாக்ஸில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனேன். சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்பது என் முடிவு. கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"சார், மீனு என்ன டிவியா, வாரண்டி போட்டுக் குடுக்க?"

"உங்க கடையில நல்லாத்தான் நீந்துச்சு."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். எங்கிட்ட நல்லாத்தான் நீந்துச்சு."

ஒரு பாட்டில் நீல மருந்தைக் கையில் கொடுத்தார். தண்ணீரை முழுசாக மாற்றிவிட்டு, தொட்டியைச் சுத்தமாகக் கழுவிவிட்டு விடச் சொன்னார். புதிதாக இரண்டு டெட்ராவும் கொடுத்தார், துணைக்கு.

அடுத்து தண்ணீர் மேல் சந்தேகம் விழுந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டையும் போல எங்களுக்கும் இரண்டு தண்ணீர். புழங்குவதற்கு போர் தண்ணீர், உப்பு. குடிக்க முனிசிபாலிட்டி தண்ணீர், சில நாட்களுக்கு ஒருமுறை வரும். மாநகராட்சியாகி வருடங்கள் ஆகியும் வாயில் முனிசிபாலிட்டிதான் வருகிறது. மீனுக்கு நாங்கள் நல்ல தண்ணீரைத்தான் கொடுத்தோம். வீட்டுக்கு வந்த உயிருக்கு உப்புத் தண்ணீரை ஊற்ற மனம் வருமா? குழாய் வந்ததும் ஹோஸைப் போட்டு நேராகத் தொட்டிக்குள் விடுவேன். பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடிக்கும். அந்த வாடையை மோந்தபோது எனக்கு மீன் நினைவு வரவில்லை, மகள் குடிக்கும் டம்ளர்தான் நினைவு வந்தது. மீனைக் கொல்லும் தண்ணீர் பிள்ளையை என்ன செய்யும் என்று, கொதிக்க வைத்த தண்ணீரை இன்னொரு முறை கொதிக்க வைக்கச் சொன்னேன். மனைவி அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பாத்திரத்தை ஏற்றினாள்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒரு நாள் ஒரு கப்பி. இன்னொரு நாள் ஒரு ஏஞ்சல். மகள் ஒவ்வொன்றையும் வலையில் எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்பாள். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொள்வாள். சோறு பழையபடி தட்டிலேயே இருந்தது.

அப்போதுதான் என் மனைவியின் அக்கா செம்பட்டியிலிருந்து வந்தார். ஒரு பை நிறைய முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கொண்டு வந்திருந்தார். அன்று ஒரு தங்க மீன் செத்திருந்தது. மகள் முகம் சுண்டிக் கிடந்ததைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னோம். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், வருத்தத்தில் அல்ல, கோயிலில் போட்டுக்கொள்வது போல.

"ஏத்தா, இதுக்குப் போயியா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பிள்ளைக்கு வந்தத மீனு வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. இன்னிக்கு என்ன கெழம, சனியா? அம்புட்டுத்தான். சனி விட்டுப் போச்சுன்னு அர்த்தம்." என் பக்கம் திரும்பினார். "போன மீனும் சனிக்கெழமதான தம்பி போச்சு?"

யோசித்தேன். ஆமாம், சனிக்கிழமைதான். அதற்கு முந்தியதும்.

"பாத்தீகளா? செத்ததத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒன்ன விடுங்க. தொட்டி காலியாக் கெடக்கக் கூடாது."

நான் சிரித்தேன். பி.காம். படித்தவன், நூல் மில் ஆபீஸில் இருபது வருடமாக வேலை பார்ப்பவன், அதற்குச் சிரிக்காமல் என்ன செய்வேன்? ஆனால் அடுத்த திங்கட்கிழமை மகளை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். படியிறங்கும்போது என் மனதில் நின்றது டாக்டர் முகம் அல்ல, பக்கவாட்டில் சாய்ந்து மிதந்த அந்தத் தங்க மீன்.

அதன் பிறகு மீன் ஏன் சாகிறது என்று நான் கடைக்காரரிடம் கேட்கவில்லை. மீன் மட்டும் வாங்கினேன்.

நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று செத்தால் இரண்டு வாங்கினேன். வேலை முடிந்து வரும் வழியில் அந்தச் சந்துக்குள் வண்டி தானாகத் திரும்பும். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பவனைப் போலக் கண்ணாடியில் மூக்கை வைத்து ஒவ்வொரு மீனாகப் பார்ப்பேன். அங்கே கிடா பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் வேண்டுதலுக்குத்தான் பிடிக்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு நேராகட்டும் என்று நேர்ந்து, கொழுத்ததாக, குறையில்லாததாகப் பார்த்து எடுப்பார்கள். நானும் கொழுத்த மீனாகத்தான் கேட்டேன்.

"ராசி கண்டுபிடிச்சிட்டீங்க போலருக்கு" என்றார் கடைக்காரர்.

என் மனைவிக்குத்தான் முதலில் உறுத்தியது. "ஏங்க, இருக்கிறதே மேல வந்து வாயப் பொளக்குது. இன்னும் எதுக்கு?"

"இருக்கட்டும்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"தொட்டி வெறிச்சுன்னு இருக்கே."

அவள் தொட்டியைப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்ற மீன்களைப் பார்த்தாள். "எங்கிட்டு வெறிச்சுன்னு இருக்கு?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையிலிருந்து புது மீன்களோடு வந்தேன். காற்று அடைத்த பாலித்தீன் பையில் கருப்பு மோலிகள். முந்தின நாள் செத்த ஏஞ்சலை மகள் அப்போதுதான் வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் வலையோடு நின்று என் பையைப் பார்த்தாள்.

"இதுல எத்தன சாகணும்ப்பா?"

"என்ன பேச்சு இது?"

"கேக்கறேன். எத்தன சாகணும்?"

"பாப்பா, உனக்காகத்தான வாங்கிட்டு வாரேன்."

"அதான் கேக்கறேன்." குரல் உயரவில்லை. "பெரியம்மா சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். நீங்க சும்மாதான் சிரிச்சீங்க. நம்புறீங்க. எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?"

"மீனு செத்த அன்னிக்கு மட்டும் நீங்க என் நெத்தியத் தொட்டுப் பாக்கறதில்ல."

கையிலிருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அடுப்படி வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள். மகள் வலையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பக்கத்துக் கட்டில் பாப்பாவும் எனக்காகத்தான் போச்சா?"

யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நர்ஸுகள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கலாம். எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கலாம். எப்படியோ, அத்தனை நாளும் அந்தக் குழந்தையை அவள் மனதுக்குள் தூக்கிக்கொண்டுதான் சோற்றைப் பிசைந்திருக்கிறாள். தனக்குப் பதிலாக ஒன்று செத்ததால்தான் தான் உயிரோடு இருக்கிறோம் என்று அவள் நினைக்க, நான் பையில் காற்றடைத்து அதற்கு ஆதாரம் வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

மனைவிதான் வந்து அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "கிறுக்கி, அப்படியெல்லாம் யாரும் யாருக்காகவும் போறதில்லடி" என்றாள். மகள் அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இதக் கொண்டுபோய்க் கடையிலயே குடுத்துட்டு வாங்க. இருக்கிறதுல இனி ஒன்னும் சாகக் கூடாது."

கொண்டுபோனேன். கடைக்காரர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் நான் அவர் மீனைப் பார்த்த அதே பார்வை.

"செத்த மீனத்தான் சார் திருப்பிக் கொண்டு வருவாங்க. உசுரோட கொண்டாந்த மொத ஆளு நீங்கதான். சீக்கு கீக்கு வந்ததா?"

"காலையில உங்ககிட்ட வாங்கினதுதான்."

"இருக்கலாம். உங்க வீட்டுத் தண்ணி பட்டுச்சோ என்னவோ" என்று தனியாக ஒரு பிளாஸ்டிக் பேசினில் விட்டார். அவர் தொட்டியில் கலக்கவில்லை. சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். எங்கள் மில்லில் நூல் அடிக்கடி அறுந்தால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற விடமாட்டார்கள். ஈரப்பதமா, பஞ்சா, மிஷினா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆபீஸ் மேசையிலிருந்து இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு அதை எடுத்துவரத் தோன்றியதில்லை. சனிக்கிழமைகளில் சாகிறது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். ஏன் சனிக்கிழமை என்று ஒருவரும் கேட்கவில்லை. சனி என்ற காரணம்தான் கையோடு வந்துவிட்டதே.

"வெள்ளிக்கிழம என்ன பண்றோம்?" என்று மகள் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவுவோம். கூடம், அடுப்படி, வாசல். விளக்கு, தட்டு, சொம்பு எல்லாம் புளி போட்டு விளக்கி வைப்போம். தொட்டி வந்ததிலிருந்து அதுவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. மீன்களை வாளியில் பிடித்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லை அரிசி களைவது போலக் களைந்து, ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சைப் பாத்திரச் சோப்பில் கசக்கிப் பிழிந்து, கண்ணாடியைத் தேய்த்து வைப்பாள் மனைவி. ஹோஸைப் போட்டுக் குழாய்த் தண்ணீரை நான் நிரப்புவேன். சாமி படத்துக்குக் காட்டிய சாம்பிராணியைத் தொட்டிக்கும் ஒரு சுற்று காட்டுவோம். வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டிலேயே பளிச்சென்று இருப்பது அந்தத் தொட்டிதான்.

மகள் போனில் மீன் வளர்க்கிறவர்கள் போடும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினாள். "ஆளுக்கு ஒன்னு சொல்றாங்கப்பா. ஒருத்தரு கல் உப்புப் போடுங்கறாரு, ஒருத்தரு போட்டாச் செத்துருங்கறாரு. ஆனா முழுசாக் கழுவுன்னு ஒருத்தருகூடச் சொல்லல." அவள் புரிந்துகொண்டதை எங்களுக்குச் சொன்னாள். மீன் கழிப்பதும் மிச்சத் தீனியும் தண்ணீரில் நஞ்சாகிறது. அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் மெதுவாக வளர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நாங்கள் வாரம் ஒருமுறை அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் தண்ணீரில் மூழ்கடித்து, அடுத்த நாளே இன்னும் இரண்டு மீனை விட்டுக்கொண்டிருந்தோம்.

"அப்ப நான்தான் கொன்னேனாக்கும்" என்றாள் மனைவி. முகம் சிவந்துவிட்டது.

"நீ கொல்லலம்மா. பூசைச் சாமான் மாதிரி வெளக்கிட்ட."

மனைவிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "உங்கப்பன்தான் ஹோஸப் போட்டாரு, அவரச் சொல்லு" என்றாள்.

அதன்பின் தொட்டிக்கு மகள்தான் சட்டம் போட்டாள். புது மீன் கிடையாது. தீனி ஒரு சிட்டிகை. கழுவுவது கிடையாது. நல்ல தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, பிளீச்சிங் வாடை போகும்வரை திறந்து வைத்து, பழைய தண்ணீரில் கொஞ்சம் மட்டும் எடுத்துவிட்டு இதை மெல்ல ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சு நாறினால், எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக ஒரு பிழி.

கேட்க எளிதாக இருக்கிறது. என்னால் அது முடிவதாக இல்லை. கண்ணாடியில் பச்சையாக ஏதோ படர்ந்தது. கல்லைத் தொட்டால் வழவழத்தது. காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வழவழப்பும் தேங்கிய தண்ணீரும்தான் எதிரி. இப்போது அந்த இரண்டையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டிரம்மின் வாயில் பழைய வேட்டியைக் கட்டிவைத்து, காலையும் மாலையும் அதைப் பிரித்து டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா என்று தேடுவேன்.

கொசுப் புழு பார்க்க வீடு வீடாக வரும் பெண் ஒருவர் அந்த வாரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே பெண்ணிடம், தெருவில் யார் வீட்டில் தண்ணீர் தேங்குகிறது என்று காட்டிக்கொடுத்தவன் நான்.

"என்ன சார், டிரம்மு? நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"மீனுக்கும்மா. துணி கட்டித்தான் வச்சிருக்கு."

"மருந்து ஊத்திருவமா?"

"ஐயோ, வேணாம். மீனு செத்துரும்."

"ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு கத சொல்றீங்க" என்று சொல்லிக்கொண்டே வேட்டியைத் தூக்கிப் பார்த்து, இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை கூடம் கழுவினோம், தொட்டியைத் தொடவில்லை. மனைவி துடைப்பத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சனிக்கிழமை ஒரு தங்க மீன் செத்தது. மகள் அதை எடுத்துப் போட்டுவிட்டு, "இது ரொம்ப நாளா முடியாமத்தான் இருந்துச்சு" என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை ஒன்றும் சாகவில்லை. அதற்கடுத்ததும். மேலே வந்து வாயைப் பிளப்பது நின்றது. மிஞ்சியவை தொட்டியின் அடி வரைக்கும் போய்க் கல்லைக் கொத்திக்கொண்டு திரிந்தன. மகள் அரை நாள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள்.

நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மீன்கள் சாகாத ஒவ்வொரு சனிக்கிழமையும் அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். வருவது வந்துகொண்டுதானே இருக்கும், மீன் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அது எங்கே போகும்? மகள் முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகினேன். அவள் தூங்கும்போது மட்டும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு நாள் மதியம் மில்லுக்குப் போன் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே மகளுக்கு உடம்பு சுடுகிறது என்றாள் மனைவி. வண்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்று நினைவில்லை. கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. மனைவி ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் செம்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தார். காய்ச்சல் என்று சொன்னேன்.

"மீனெல்லாம்?" என்றார்.

"எல்லாம் நல்லாருக்கு."

"சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்றேன். பெரிய மோலி ஒன்று, பளபளவென்று, கொழுத்து, கண்ணாடியோரமாக வந்து என்னைப் பார்த்தது. உனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நான் அதைப் பார்த்தேன். வலை பக்கத்து ஆணியில் தொங்கியது. என் கை அதைத் தொடவில்லை. ஆனால் வலை எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. எழுதும்போது இப்போதும் விரல் கூசுகிறது.

"அப்பா."

திரும்பினேன். மகள் பாயில் ஒருக்களித்துப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனப் பாக்காதீங்க. தெர்மாமீட்டரப் பாருங்க."

பார்த்தேன். காய்ச்சல்தான், ஆனால் போன தடவை போல அனலாக இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போனோம். தொண்டையைப் பார்த்தார். பயப்பட வேண்டாம் என்றாலும் நான் கேட்டதற்காக ரத்தம் எடுக்கச் சொன்னார். சீட்டு வரும்வரை அதே மாதிரி ஒரு வராந்தாவில் நின்றேன். எண்ணிக்கை இறங்கவில்லை. ஊரெல்லாம் சுற்றும் சளிக் காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புக்கு இருக்கிறது என்றார். நான் அதையும் நம்பவில்லை. மறுநாள் இன்னொரு முறை ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டேன். "சார், பிள்ளைக்கு இல்ல, உங்களுக்குத்தான் மாத்திர எழுதணும்" என்றார். மகள் மாஸ்க்குக்குள் சிரித்தது கேட்டது.

காய்ச்சல் வந்தது போலவே போனது. அது இருந்த நாளெல்லாம் தொட்டியில் ஒன்றும் சாகவில்லை. காய்ச்சல் விட்ட காலையில் மகள் எழுந்து, வியர்த்த சட்டையோடு தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவினாள். மீன்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குக் காச்ச வந்துச்சு. இதுக்கு ஒன்னும் ஆகல" என்றாள். என்னிடம் சொன்னது போல இல்லை. "அதுவா விட்டுப் போச்சு."

"ஆமா பாப்பா."

"அப்ப அந்தப் பாப்பாவும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"அது அதுக்கு வந்த காச்சலு" என்றேன். "உனக்கு வந்தது உனக்கு. ஒன்னுக்கு ஒன்னு இல்ல." இந்த முறை வாய் திறந்தபோது வார்த்தை வந்தது. நானே முழுசாக நம்பிச் சொன்னேனா என்று தெரியவில்லை. அவள் நம்பினால் போதும் என்று சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துடைத்தது வியர்வையாகவும் இருக்கலாம்.

"அம்மா, பசிக்குது. சோத்துக்கு என்ன வெஞ்சனம்?"

"காலங்காத்தால வெஞ்சனம் கேக்குது பாரு" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "கத்தரிக்கா."

"ஐய, கத்தரிக்காயா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே போய்த் தட்டை எடுத்தாள்.